இடது பக்கக் கதவு

பிப்ரவரி 18, செவ்வாய்

வைட்ஃபீல்ட் ஆபீஸில் இன்றைக்கும் ஆட்களை ஏற்றிப்போகிற ஷட்டில் வண்டிப் பஞ்சாயத்து. பாலத்துக்குக் கீழே எங்கள் வண்டி ஒரு பைக்கை உரசியிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. டிரைவர் மதலைமுத்து போட்டோ எடுக்கவில்லை, எதிராளி நம்பர் வாங்கவில்லை, எனக்கு போனும் பண்ணவில்லை. இடித்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் என்ற முறையில் நானே எழுதி எல்லா வண்டியிலும் ஒட்டியிருக்கிறேன். படித்தாயா என்றால், "படிச்சேன் சார், பதட்டத்துல மறந்துட்டேன்" என்கிறார். பதட்டப்படுகிறவர்களுக்காகத்தானே எழுதி ஒட்டுவது.

வீட்டுக்கு வந்து பிரிஸில்லாவிடம் பொருமினேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே, "சண்டையில்லாம முடிஞ்சுதா? அப்புறம் என்ன, சாப்பிட வாங்க" என்றாள். என் கோபத்துக்கு இந்த டீச்சர் பெண்டாட்டியிடம் என்றைக்கும் இவ்வளவுதான் மரியாதை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மச்சினன் கிளெமென்ட்டின் புது வீட்டை ஃபாதர் மந்திரிக்கிற விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எங்கள் காருக்கே அடி. ஈஜிபுரா தாண்டி, இடது பக்கச் சந்திலிருந்து ஒரு குட்டி யானை லோடு வண்டி நேராக வந்து பிரிஸி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில் மோதியது. கதவு உள்ளே அமுங்கிவிட்டது. அவள் என் பக்கமாக நகர்ந்து இறங்கினாள். அடிபட்டதா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லங்க. நீங்க வண்டியப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ. அந்த டிரைவர் "தப்பாய்த்து சார், பிரேக் ஹிடீலில்லா" என்று, பிரேக் பிடிக்கவில்லை என்பதையே கன்னடத்தில் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டே இருந்தான், அவனிடம் கத்தவில்லை. டிராபிக் போலீஸ்காரர் வந்து யாருக்காவது அடியா என்று கேட்டார். இல்லை என்று நான்தான் சொன்னேன். பிறகு இன்சூரன்ஸுக்குப் போன், இழுத்துப்போக வண்டி, ஒர்க்‌ஷாப். அவ்வளவு நேரமும் பிரிஸி ஒரு பேக்கரி வாசலில் ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்து அடுகோடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

ராத்திரி இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "லேசா இழுத்துப் பிடிக்குது, அவ்ளோதான்." பெல்ட் அழுத்திய இடம். தைலம் தேய்த்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள். வயிறு திம்மென்று இருக்கிறதாம். தம்பி வீட்டு பிரியாணியை அப்படி ஒரு பிடி பிடித்தால் இருக்காதா என்றேன். சிரித்தாள். சாயங்காலம் முழுக்க இன்சூரன்ஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டு. சேதத்தைப் பார்க்க அவர்கள் சர்வேயர் நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார். மறுபடியும் தைலம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பிரிஸி ஆபரேஷன் தியேட்டரில். ஜெபம்கூட வாயில் வரவில்லை.

பிப்ரவரி 26, புதன்

ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று காலை தலை சுற்றுகிறது என்று லீவு சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். பயந்த களைப்பு, தூங்கட்டும் என்று நினைத்தேன். நானும் லீவு போட்டிருந்தேன் — எதற்கு? சர்வேயரைப் பார்க்க. கிளம்பும்போது, "ஏங்க, கொஞ்சம் தண்ணி குடுத்துட்டுப் போங்க" என்றாள். படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்கிற ஆளா அவள்? காய்ச்சலோடு எழுந்து எனக்கு டிபன் கட்டுகிறவள். அது தோணலியே எனக்கு. குடுத்துட்டுப் போயிட்டேனே.

மதியம் திரும்பினால் பாத்ரூம் வாசலில் கிடக்கிறாள். உதடு வெளுத்து, உடம்பெல்லாம் சில்லென்று வேர்வை. ஆம்புலன்ஸ் இதோ வருகிறது, இதோ வருகிறது என்று போனில் சொல்கிறார்கள், வரவில்லை. கீழ் வீட்டு ஸ்ரீஹர்ஷாதான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கித் தன் காரில் கிடத்தினான். ஓசூர் ரோட்டில் வண்டிகள் நகரவேயில்லை. அவள் தலை என் மடியில். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

எமர்ஜென்சியில் இருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. ஆக்சிடென்ட் என்றைக்கு, அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். போட்டோ, போலீஸ், இன்சூரன்ஸ், ஒர்க்‌ஷாப், சர்வேயர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி. இவங்கள எங்க காட்டுனீங்க?" என்றார்.

அவரே பிரிஸியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"இடது தோள்ல வலி இருந்துதா?"

"லேசா பிடிச்சிருக்குன்னா. தைலம் தேச்சேன், டாக்டர்."

மண்ணீரல் கிழிந்திருக்கிறது. மோதிய அன்றே கிழிந்து உள்ளுக்குள்ளே கசிந்துகொண்டு இருந்திருக்கிறது. வயிற்றில் ரத்தம் தேங்கினால் வலி தோளில் தெரியுமாம். நான் அந்தத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

காலையில் சர்வேயர் கூப்பிட்டார். இந்த வாசலில் நின்றுகொண்டு, "முன் கதவு முழுசா மாத்தணும் சார், பில்லர்லயும் அடி இருக்கு" என்று பதில் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நானெல்லாம் என்ன மனுஷன்.

பிப்ரவரி 27, வியாழன்

கண் திறக்கவில்லை. கிளெமென்ட் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் கூப்பிடாம இருந்திருந்தா அக்கா அந்த ரோட்டுக்கே வந்திருக்க மாட்டா, மாமா" என்று அழுதான். உன்மேல் என்ன தப்பு என்றேன். உங்கள்மேல் மட்டும் என்ன தப்பு என்றான். இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

மார்ச் 1, சனி

கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், மறுபடி தூங்கிவிட்டாள். போதும் ஆண்டவரே.

மார்ச் 5, சாம்பல் புதன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கேட்டே விட்டேன். "ஏன் பிரிஸி சொல்லல?" குரல் கோபமாகத்தான் வந்தது.

கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "சொல்லலாம்னுதான் வந்தேன், திங்கக்கிழம சாயங்காலம். நீங்க போன்ல இருந்தீங்க. முடியட்டும்னு நின்னேன். முடியல. போய்ப் படுத்துட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாகிறது. மண்ணீரல் இல்லாத உடம்பு, லேசாகக் காய்ச்சல் கண்டாலும் உடனே கூட்டிவர வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவள் தூங்கும்போதும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். "நான் நல்லாத்தான் இருக்கேன். சும்மா இருங்க" என்று கையைத் தட்டிவிடுகிறாள்.

நல்லாத்தான் இருக்கேன். இதை நம்பித்தானே இத்தனை வருஷமும் நிம்மதியாக வேலைக்குப் போய் வந்தேன். இனிமேல் எப்படி நம்புவது? நம்பாமல் எப்படி ஒரு வீட்டில் இருப்பது?

மார்ச் 30, ஞாயிறு

மாடியில் காய்ந்த துணியை எடுத்துவந்து மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து "ஏங்க" என்றாள். போனேன்.

"வலிக்குது" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதில்லை. பல்லைப் பிடுங்கியபோதுகூடச் சொல்லாதவள். பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாகவும் இருந்தது.

காய்ச்சல் பார்த்தேன், இல்லை. டாக்டரம்மாவைப் போனில் பிடித்துவிட்டேன். தையல் ஆறும்போது அப்படித்தான் இருக்கும், மாத்திரை போட்டாயிற்று என்றால் இப்போதைக்குச் செய்ய வேறு ஒன்றுமில்லை என்றார். போனை வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று நின்றேன். அடுத்தது என்று எதுவும் இல்லை.

"செய்யறதுக்கு ஒண்ணும் இல்லையாம் பிரிஸி" என்றேன்.

"தெரியும். சும்மாதான் சொன்னேன். உக்காருங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கரண்ட் போய் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இன்னும் வலிக்குதுங்க" என்றாள்.