மேற்குச் சுவரில் ஒரு கப்பல்

ஏப்ரல் 13, 2025

ரியாஸ் துபாய் போய்ச் சேர்ந்துவிட்டான். கிளம்புகிற அன்று, அவன் கொண்டுபோக நான் பால்கோவா வாங்கப் போயிருந்த நேரத்தில், ராஜபாளையத்திலிருந்து ஆளை வரவழைத்து ஹால் சுவர் முழுக்க வால்பேப்பர் ஒட்டிவிட்டான். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்குக் கப்பல், பாய்களை விரித்துக்கொண்டு துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. கப்பலில் ஆள் யாரும் தெரியவில்லை. கரையில்தான் ஒரு கூட்டம் நின்று கையாட்டுகிறது.

"போர்ட்டு வேலைக்குப் போறேன்லம்மா, என் ஞாபகமா இருக்கட்டும்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. என்னத்தைச் சொல்ல?

ஒட்டியது மேற்குச் சுவரில்.

ஏப்ரல் 14

கப்பல் இருந்தால் பாதகமில்லை. மனித உருவங்களை எதிரே வைத்துக்கொண்டு எப்படித் தொழுவது? பாயை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டேன். சிலிண்டரை நகர்த்தினால் நெற்றி வைக்க இடம் இருக்கிறது.

அவன் பிறந்ததிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்துத்தானே தொழுறேன்? ஸஜ்தாவில் நெத்தியத் தரையில வச்சுக் குனிஞ்சா முதுகுல ஏறி உக்காருவானே — அதுவுமா மறந்துபோச்சு?

மே 2, வெள்ளி

வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுகிறான். "கப்பல் முன்னால ஒக்காரும்மா, பாக்கணும்." உட்கார்ந்தேன். என்னைவிடக் கப்பலைத்தான் அதிகம் பார்த்தான்.

மே 11

பக்கத்து வீட்டு இன்பம், "அவங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னக்கா?" என்கிறாள். சொல்ல மாட்டேன். தாய் தொழுத இடம் அவனாகத் தெரியட்டும். வீம்புதான். இருக்கட்டுமே.

மே 19

இன்று யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் அந்தக் கரைக் கூட்டத்தைப் பார்த்து, "கையை எறக்குங்க, போனவன் போயிட்டான்" என்றேன். சத்தமாகவே.

ஜூன் 7, பக்ரீத்

லீவு கிடைக்கவில்லையாம். வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கிவிட்டது. போனோடு அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, தொழுற பாய் ஏன் அங்க கெடக்கு?"

"இங்கதான் காத்து வருது."

"சிலிண்டர் பக்கத்துலயா?"

பாலை இறக்கி வைத்தேன்.

"அந்தக் கப்பல் மேக்குச் சுவர்ல... பிச்சுப் போட்டுரும்மா" என்றான். குரலே மாறிப்போயிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிள்ளையை நல்ல நாளும் அதுவுமாக அழவைத்துவிட்டேன்.

ஜூன் 8

இன்பம் பிளேடோடு வந்தாள். கப்பலில் கை வைக்க விடவில்லை. கரையில் நின்றவர்களை மட்டும் ஒவ்வொருவராகச் சுரண்டி எடுத்தோம். சுவரின் பழைய பச்சை தெரிகிறது.

சாயங்கால அஸர் தொழுகையை ஹாலில் தொழுதேன். ஸலாம் கொடுத்து முடித்து நிமிர்ந்தால் எதிரே கப்பல். கரையில் இப்போது நான் மட்டும்தான். பாயை உடனே சுருட்டவில்லை.