பாதியில் எழுந்துவந்த படம்

உபதேசியாரே,

நேற்று பினாங்கு ரோட்டில் படக்கொட்டகைச் சுவரில் புதுப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு ஜப்பான்காரன். நான் படத்தைப் பார்க்கவில்லை. பசையை முகர்ந்துகொண்டு நின்றேன். மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை, இன்னும் சூடு ஆறவில்லை. வாயில் எச்சில் ஊறிவிட்டது. ஒட்டுகிறவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாளியை இழுத்துத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். குடும்பஸ்தன் நிலைமையைப் பாரும்!

அந்த வாசத்தோடு நீரும் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், சபைப் பிள்ளைகள் எந்தப் படம் பார்க்கலாம், எது கூடாது என்று தீர்ப்புச் சொல்வதைப் பாதிரி ஐயர் உம்மிடம் விட்டிருந்தார். நீர் முதலில் போய்ப் பார்ப்பீர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கல்யாண அறிவிப்புகளுக்குப் பின்னால் அதையும் அறிவிப்பீர். ஒரு சாட்சி போதாது, வேதப்படி இரண்டு வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவீர். நான் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன்; ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்கு என்ன தெரியும் என்று ஒருமுறை கேட்டேன்.

"உமக்கு ஒன்னும் தெரியாதுன்னுதான் ஓய் கூப்புடுறேன். தெரிஞ்சவன் வாதாடுவான்" என்றீர்.

சபைச் செலவில் படம். நான் ஏன் வாதாடப்போகிறேன்?

உமக்கு ஒரு சட்டம் இருந்தது. திரையில் பாவம் வந்த கணமே எழுந்துவிட வேண்டும். அதனால் நாம் முடிவு பார்த்த படங்கள் குறைவு. சில நாள் நான் கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் வெளியே வந்து நிற்போம்.

அந்த வெள்ளைக்காரன் படம் வந்தபோது ஊரே கிறுக்குப் பிடித்து அலைந்தது. ஒரு ராஜா மகளைச் சூனியக்காரி கல்லாக்கிவிடுகிறாள். தோட்டத்தில் அவள் கல்லாக நிற்கிறாள்; மழை அடிக்கிறது; புறாக்கள் அவள் தோளில் வந்து ஒண்டிக்கொள்கின்றன. எனக்குக் கண் கலங்கியது. நீரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர். அப்போது ஒரு கிழட்டுத் தோட்டக்காரன் கல்லுக்கு முன்னால் புகை போட்டு மந்திரம் சொல்ல ஆரம்பித்தான். நீர் எழுந்துவிட்டீர்.

"வாரும் ஓய்."

"என்ன ஆவுதுன்னு பாத்துட்டுப் போலாமே, உபதேசியாரே."

"செத்தவங்கள எழுப்புற அதிகாரம் ஒருத்தருக்குத்தான் இருக்கு. பொகை போட்டு எழுப்புனா அது பிசாசு வேல. எழுப்பாட்டி, நாம ஒக்காந்துருக்கறதே வீண்."

பின்வரிசையில் இருந்த, ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார், "இருந்தா இருங்கோ, போனாப் போங்கோ, மறைக்காதேங்கோ" என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு வந்தது: கூடாது. என் மகள் எஸ்தர் பின்பெஞ்சில் விசும்பினாள். அன்று மாலை பாதிக் கதையை அவளுக்குச் சொன்னேன். மீதியைக் கேட்டாள். அப்பாவுக்கே தெரியாது என்றால் நம்பவே மாட்டேன் என்றுவிட்டாள்.

பிறகு குண்டு விழுந்தது. சம்பான் படகில் அக்கரைக்குப் போய்ப் பாகான் டாலாமில் மைத்துனர் வீட்டில் ஒண்டினோம். அங்கேதான் எஸ்தருக்குக் காய்ச்சல் கண்டது. கொய்னா மாத்திரைக்காக நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. மரவள்ளிக் கஞ்சியும் அவள் வயிற்றில் தங்கவில்லை. நீர் ஞாயிறு ஆராதனையை முடித்துவிட்டு, கடல் கடந்து வந்து அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணுவீர்.

ஒரு ஞாயிறு மத்தியானம் உம் ஜெபம் முடியும்வரை பேசாமல் இருந்தவள், ஆமென் சொல்லாமல் கேட்டாள்.

"மாமா, அந்தக் கல்லாப் போன பொண்ணு எழுந்துட்டாளா?"

நீர் என்னைப் பார்த்தீர். நான் தரையைப் பார்த்தேன். ஒளித்துவைத்த அரிசி இருக்கிறதா என்று ஜப்பான் சிப்பாய் கேட்டதற்கு, இருக்கிறது என்று சொல்லி, அரிசியையும் கொடுத்து அறையும் வாங்கின மனுஷன் நீர்.

"எழுந்துட்டா" என்றீர்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்பறம் எப்படித் தெரியும்?"

"பாக்காமயே தெரியும்மா."

"அந்தத் தோட்டக்காரத் தாத்தாதானே எழுப்புனாரு?"

"அவரால முடியல. அப்பறம் ஒருத்தரு வந்தாரு. அவ பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. எழுந்துட்டா."

"மழை?"

"மழை நின்னுருச்சு."

அடுத்த ஞாயிறு வருமுன் எஸ்தர் போய்விட்டாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது என் வீட்டுக்காரி உம்மை வழியிலேயே நிறுத்தினாள். "பாக்காத படத்துக்கு முடிவு சொல்லி எம் புள்ளய அனுப்பிவச்சீங்களே, அது பொய்யில்லயா?" என்றாள். நான் குறுக்கே போகவில்லை. எனக்கும் அதே கேள்விதான்.

"பொய்யா இருந்தா, அந்தப் பாவம் என்மேல இருக்கட்டும், அம்மா" என்றீர்.

நாங்கள் பினாங்குக்குத் திரும்பிவந்து கொஞ்ச காலம் கழித்துக் கொட்டகையில் இலவசப் படம் என்று ஊரெல்லாம் கூவிக்கொண்டு போனார்கள். நம் வாலிபர்கள் துள்ளினார்கள். "நான் மொதல்ல பாத்துட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் ஒருத்தனும் போகக் கூடாது" என்று நீர் கிளம்பினீர். என்னைக் கூப்பிட்டீர். படம் பார்க்கிற மனசா எனக்கு அப்போது? இந்தத் தடவை ஒரு சாட்சி போதும் என்றேன். படம் ஓடும்போதே கதவுகளைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களையெல்லாம் ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட. அன்று பாதியில் எழுந்துவர உம்மை விடவில்லை. நீர் வந்து தீர்ப்புச் சொல்லாததால் நம் வாலிபர்கள் ஒருவரும் அங்கே போயிருக்கவில்லை.

அங்கிருந்து தப்பிவந்த ஒருவன் சொன்னான், உமக்கு வாந்திபேதி கண்டது என்று. எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்று கேட்டேன். "அடக்கமா!" என்று மட்டும் சொன்னான்.

உபதேசியாரே, போன வாரம் ரேஷன் வரிசையில் அந்த யாழ்ப்பாணத்துக் கிராணியார் எனக்குப் பின்னால் நின்றார். பாதி ஆளாகிவிட்டார். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

"உமக்குத் தெரியுமோ, அந்தக் கல்லான பெட்டையின்ட படம் எப்பிடி முடிஞ்சது எண்டு? நான் கடைசி மட்டும் இருந்து பாத்தனான்."

"வேணாம் அண்ணே. அவ எழுந்துட்டா. எனக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது?"

உம் பெயரைச் சொன்னேன்.

"அந்த மனுசன் பாதியில எழும்பிப் போனவரல்லோ!"

"அவரேதான்."

வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும் என்று, அரிசி வாங்கி வீடு வந்து சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவேயில்லை.