விழுந்தாலும் கழலாத கண்ணாடி

அண்ணே,

தலையணை உறைக்குள் கையை விட்டதும் உன் தலை ஜெல் மணக்கிறது. நான் அதற்குள் ஒளித்துவைத்த உன் கறுப்புக் கண்ணாடியின், காதில் மாட்டும் பட்டையான காம்புகளில் அந்த வாசம் இன்னும் போகவில்லை. அம்மா பக்கத்தில் தூங்குகிறார். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன்.

நாளை உன் முப்பத்தொன்றாம் நாள் படையல். லீவு நாளாக இருக்கட்டும் என்று சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நீ ஆசைப்பட்டதையெல்லாம் படைத்துக் கும்பிட்டுவிட்டு, உன் சாமான்களைப் பேராதனைக்குக் கொண்டுபோய் ஆற்றில் விடப் போகிறார்கள்.

மாலையில் அம்மா உன் பெட்டியைக் கிளறினார். "சட்டை இருக்கு, சப்பாத்து இருக்கு. அந்தக் கண்ணாடிய மட்டும் காணோமே."

"அத தேடாத," என்றார் அப்பா. "அதப் போட்டுக்கிட்டுத்தான் லொறிய பாக்காம போனான். ஸ்டைல் காட்டப் போயி செத்தான்."

மாமாவும் தலையாட்டினார். நாளை வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்வார்கள். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

ஸ்கேட் ஓட்டுகிறவர்கள் போடும் மாதிரிக் கண்ணாடி என்று கண்டியில் வாங்கி வந்தாய். பிறகு மழையிலும் அதுதான், கோயிலிலும் அதுதான். கலஹா பஸ்ஸில் கொண்டக்டர் கேட்டார்: "என்னா தம்பி, வெல்டிங் வேலைக்கா போறீங்க?"

"இல்லண்ணே, நீங்க பல்லக் காட்டுனா கண்ணு கூசுது."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஸ்கேட் ஓட்டத்தானே அது? பஸ்ல எதுக்கு?" என்று உன்னைக் கிள்ளினேன்.

"மூஞ்சி பஸ்லயும் கூடத்தானே வருது பாப்பா," என்றாய். தலையை வேகமாக ஆட்டிக் காட்டினாய். "பாத்தியா, இறுக்கிப் புடிக்கும். விழுந்தாலும் கழலாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கண் நோய். இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்று அழுதேன். நீ கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாய். "இனி நோவுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஸ்டைலுன்னுதான் சொல்லுவாங்க. கழுவி வச்சிரு. சனிக்கிழம வந்து வாங்கிக்கிறேன்."

உன் ஸ்கேட் பலகையில் ஏறி, கண்டி வேலைக்குத் திரும்ப பஸ்ஸுக்குப் போனாய். நான் லயத்து வாசலில் நின்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலை பெக்டரி வளைவில் மாலை வெயில் உன் முகத்துக்கு நேரே இருந்தது. ஒரு கையைத் தூக்கி நெற்றியில் வைத்து மறைத்தாய். அதன்பிறகு லொறி பிரேக் அடித்த சத்தம்தான்.

அந்தக் கையை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சொன்னால், நீ ஸ்டைலால் சாகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கண்ணாடி யாரிடம் இருந்தது என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அப்பா என்னை எப்படிப் பார்ப்பார்?

இப்போது அதைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். அம்மாவின் முகம் தெரிகிறது. லொறி தெரியாமல் போகாது.

நாளை இதைப் போட்டுக்கொண்டு படையலுக்கு முன்னால் நிற்கப் போகிறேன். அப்பா கேட்பார். அந்தக் கையைப் பற்றிச் சொல்லுவேன். பிறகு ஆற்றில் விட்டாலும் சரி, என்னை அடித்தாலும் சரி.

நாளை சனிக்கிழமை, அண்ணே. வாங்க வருவதாகச் சொன்னாய். வரும்போது என் பக்கத்தில் நில். எனக்குக் கால் நடுங்கும். விழுந்தாலும் இது கழலாது.