மயான மேட்டுக்குப் போன ஆறு எண்கள்

டின்னைத் திறந்ததும் வறுத்த அரிசி வாசம் வருகிறது. அதற்கடியில் கொஞ்சம் தேயிலைத் தூள் வாசம், உன் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாசம். மாதம் ஒருமுறை அரிசியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறிவிடும் என்று நீதான் சொன்னாய். இன்று காலை கடையைத் திறந்ததும் அதைத்தான் செய்தேன். புது அரிசியை வறுத்து ஆறவைத்துப் போட்டு, துணியில் சுற்றிய அந்தச் சின்ன டிஸ்க்கை நடுவில் பதித்து மூடினேன். செய்து முடித்ததும் உனக்கு எழுதத் தோன்றியது. வேறு யாரிடம் இதைச் சொல்ல?

பதுளை பஜாரில் போன் கடை நடத்துகிற எனக்கு, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் மெஷின் ஓட்டுகிற நீ சொல்லித் தருவதா என்ற திமிர் எனக்கு இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். வேலை முடிந்து வந்து, லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் வெளிச்சத்தம் மறைக்கக் கம்பளியைத் தொங்கவிட்டு, நீயே எழுதி நீயே பாடிப் பதிந்த பாட்டுகளை ஒரு டிஸ்க்கில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாய். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்னப்பா, பாட்டக் கருவாடு மாதிரிப் பொத்தி வச்சிருக்க? கிளவுட்ல ஏத்திட்டு நிம்மதியா இரு."

"அது யாரு வீட்டுல இருக்கு, முதலாளி?" என்றாய். கிண்டலாக என்னை அப்படித்தான் கூப்பிடுவாய்.

"எங்கயோ வெளிநாட்டுல."

"அவன் கதவச் சாத்திட்டா நான் எங்க போய்த் தட்டுறது?"

நான் விடவில்லை. உன் போன் நம்பரைக் கொடுத்து நானே கணக்குத் திறந்தேன். கடவுச்சொல்லையும் நானே போட்டேன். புது இடத்திலிருந்து யாராவது திறக்கப் பார்த்தால் உன் போனுக்கு ஆறு எண்கள் வரும், அதைப் போட்டால்தான் கதவு திறக்கும், கள்ளன் வரமுடியாது என்று பெருமையாக விளக்கினேன். உங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது மயான மேட்டில் மட்டும். நீ தினமும் சாயங்காலம் அங்கே ஏறி, யாருடைய சமாதியிலோ உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டாக ஏற்றினாய். "பாட்டு கேக்க ஆளுக்குப் பஞ்சமில்ல முதலாளி, ஒருத்தரும் எந்திரிச்சுப் போறதில்ல" என்று சிரித்தாய்.

எல்லாம் ஏறி முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவந்தாய். கூடவே மூடியைச் சுற்றி டேப் ஒட்டிய ஒரு பிஸ்கட் டின்னையும் தந்தாய். "இது ஒங்க கடையில இருக்கட்டும். இப்பத் தெறக்க வேணாம்." பெக்டரியின் நல்ல தூள் என்று நினைத்து மேல் தட்டில் வைத்துவிட்டேன். டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அன்றைக்கே அழித்து இன்னொருவருக்கு விற்றேன். என் கையாலேயே, சிரித்துக்கொண்டே.

அடுத்த வாரம் பெக்டரிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். லொறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள், மயான மேட்டில் உன்னைப் புதைத்த இடத்துக்குப் பால் தெளிக்கப் போனோம். அதற்கு முந்தின சாயங்காலம் உன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணே, எனக்குன்னு ஒரு பாட்டுப் பாடி வச்சிருக்கேன், நம்ம கல்யாண நாளுக்குப் போட்டுக் காட்டுறேன்னு சொன்னாரு. அது வரைக்கும் காதுல போடவே மாட்டேன்னுட்டாரு. ஒரே ஒருதரம் கேக்கணும்ணே." கல்யாண நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதுக்கென்ன தங்கச்சி, என்று வாக்குக் கொடுத்தேன்.

மேட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. பெண்கள் உன் தலைமாட்டில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சிக்னல் அங்கே மட்டும் கிடைப்பதால் கொஞ்சம் தள்ளி நின்று என் போனில் உன் கணக்கைத் திறந்தேன். எண்கள் அனுப்பப்பட்டன என்று வந்தது. உன் போன் வீட்டில் எங்கேயாவது இருக்கும், இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணினேன். அந்த நேரம் ஒரு குருவி இரண்டு தடவை கூவியது. குருவிதானே என்று இருந்துவிட்டேன். வேலை செய்ததா என்ற சந்தேகத்தில் மறுபடியும் அனுப்பச் சொல்லி அழுத்தினேன். அதே குருவி. அதே இரண்டு தடவை.

உன் மனைவி கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. "அண்ணே, அது அவரு போனுக்கு மெசேஜ் வர்ற சத்தம்."

"எங்கம்மா இருக்கு?"

"பெட்டிக்குள்ள நான்தான் வச்சேன். வெத்தல பை, மப்ளர், அதோட போனும். வழியில வேணுமேன்னு முழுசா சார்ஜ் போட்டு வச்சேன்."

மண்ணுக்குள் சிக்னல் போகாது என்று வாடிக்கையாளர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது நிஜக் குருவியாகவும் இருக்கலாம். ஆனால் மூன்றாம் முறை அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. உன் நெஞ்சுக்கு மேல் அந்த ஆறு எண்கள் வெளிச்சமாய் நிற்பதாக நினைத்ததும் என் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். தோண்டலாமா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். சீ என்று எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள். உன் பாட்டுகளை வைத்திருக்கிற அந்த வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுதினேன். கணக்குக்குரியவர் தன் போனிலிருந்து உறுதிப்படுத்தட்டும் என்று பதில் வந்தது.

உன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சில நாள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. பிறகு மனசு கேட்காமல் போய், டிஸ்க்கை விற்றதைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். யோசித்துவிட்டு, "அவரு ரெண்டு டின்னுக்கு அரிசி வறுக்கச் சொன்னாரேண்ணே" என்றாள். "லயத்துல ஒரு காம்பராவுல தீப்பிடிச்சா வரிசையே போயிரும், எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வைக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அப்போதுதான் மேல் தட்டு ஞாபகம் வந்தது. பதுளைக்கு வந்து டேப்பைக் கிழித்தேன். அரிசி, அதற்குள் சின்ன டிஸ்க், அதற்குள் உன் பாட்டு அத்தனையும். கடையில் ஆள் நிற்கும்போதே வாய்விட்டு அழுதேன்.

கல்யாண நாளன்று உன் காம்பராவில் அதைப் போட்டோம். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பின்னால் காற்று இரைந்தது; அவள் காதில் விழக்கூடாதென்று மேட்டில் உட்கார்ந்துதான் இதைப் பாடியிருக்கிறாய். பாட்டின் நடுவில் குருவி இரண்டு தடவை கூவியது. அவள் விருட்டென்று எழுந்து வாசல் வழியாக மேட்டைப் பார்த்தாள். பிறகு உன் சிரிப்பு கேட்டது. "முதலாளிதான்! பாட்டு முடியட்டும், அப்புறம் பதில் சொல்றேன்." விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினாய்.

பதிவான தேதியைப் பார்த்து என் போனில் தேடினேன். அன்று உனக்கு நான் அனுப்பியது இதுதான்: எல்லாம் ஏத்தியாச்சுன்னா பழைய டிஸ்க்கக் கொண்டு வா, இனி அது எதுக்கு? நீ எழுத்தில் பதில் போடவேயில்லை. டின்னைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுப் போனாய்.

இப்போது அதைப் பிரதி எடுத்து, ஒரு டின் கடையில், ஒரு டின் உன் வீட்டில். கடைக்கு வருகிறவர்களிடமும் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள் என்கிறேன், சிலர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. திருத்த வருகிற போன்களில் சிலதில் அதே குருவிச் சத்தம் இருக்கிறது. அது கூவும்போதெல்லாம் நான் அழுத்திய அந்த இரண்டு தடவைக்கு நீ பதில் அனுப்பிவிட்டாயோ என்று என் போனைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறேன்.