குமிழ் இங்கே, குளிர் எங்கே

மார்ச் 3, திங்கள்

உறுதியானது: எங்கள் பத்திரிகைக் கட்டடத்தின் குளிர்சாதனம், விளக்கு, காற்றோட்டம் மூன்றையும் இனி ஒரே கணினி பார்த்துக்கொள்ளும். இரண்டாம், மூன்றாம் மாடிகளில் வெள்ளோட்டம். வேலை என் மகளின் நிறுவனத்துக்கு. தகவல் தந்தவர் பொது மேலாளர், லிப்ட் வாசலில். மகள் வீட்டில் மூச்சுவிடவில்லை.

கேட்டேன். "சொன்னா, அப்பா சிபாரிசுன்னு பேச்சு வரும்பா."

நியாயம்.

நிறுவனம் என்றால் அவள், அவள் தோழி, எங்கள் முன்னறை மேசை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, மேலாளர் முன் இயக்கிக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடிக்காவிட்டால் குளிர்சாதன இயந்திரம் விற்ற கம்பெனி தன் மென்பொருளையே போட்டுவிடும். முதல் வேலையே கைநழுவினால் கடையை மூடிவிட்டுப் பழைய உத்தியோகத்துக்குத் திரும்புவதாக இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். பெற்ற மகள் விஷயம், செய்தியாக எழுத முடியாது. இங்கே எழுதலாம்.

மார்ச் 4, செவ்வாய்

சாப்பிடும்போது விளக்கினாள். மூன்று ஒப்பந்தக்காரர்கள் மூன்று காலத்தில் வேலை செய்த கட்டடம். ஒரே மாதிரி சென்சாருக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எது என்ன வகை, எங்கே இருக்கிறது, எது எதற்குக் காற்று அனுப்புகிறது, எது எதன் பேச்சைக் கேட்கிறது என்ற உறவுகளையெல்லாம் கணினிக்குப் புரியும்படி எழுதிவைப்பதுதான் இவர்கள் வேலை. ஆன்டாலஜி என்கிறார்கள்.

"அப்போ பெட்டிக்கெல்லாம் முறை வச்சுக் கூப்பிடறே," என்றாள் மனைவி. "யாருக்கு யார் மாமா, யாருக்கு யார் சித்தப்பான்னு."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, இதைச் சொல்ல நாங்க நாப்பது ஸ்லைடு போட்டு வச்சிருக்கோம்."

மார்ச் 6, வியாழன்

எங்கள் செய்தி அறையில் அவரவர் பார்க்கும் பக்கத்தின் பெயரே ஆளின் பெயர். விளையாட்டு வந்ததும் சுவரில் இருக்கும் குளிர்சாதனக் குமிழைக் குளிர் பக்கம் திருப்புவார். அவர் டீ குடிக்கப் போனதும் வணிகம் எழுந்துபோய் மறுபக்கம் திருப்புவார். ஆறு வருடமாக நடக்கிறது. இன்று மகள் ஏணிமேல் நின்று, மேற்கூரைக்குள் தலையை விட்டுக்கொண்டே இரண்டு பேரின் சண்டையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கென்னம்மா, பனிக்கரடியோட பக்கத்துல உக்காந்து பாருங்க," என்று வணிகம் அவளிடம் முறையிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

மகள் முகம் சரியில்லை. கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஒத்திகை சொதப்பிவிட்டது. திரையில், இதை இது இயக்குகிறது என்று செய்தி அறைக் குமிழிலிருந்து செய்தி அறைக்கு அழகாகக் கோடு போகிறது. குமிழைத் திருப்பினால் அறையில் ஒன்றும் ஆகவில்லை. பெயரை வைத்துக் கணினியே இணைத்த கோடு அது. அதே போலப் பாதிக் கோடுகள்.

பெயர் பொருந்துகிறதே, வெள்ளிக்கிழமை முடியட்டும், பிறகு சரிசெய்வோம் என்கிறாள் தோழி. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரை நம்பிப் போட்ட கோடுகளையெல்லாம் அழித்துவிட்டாள். இனி ஒவ்வொன்றாகத் திருப்பி, எது அசைகிறது என்று பார்த்த பிறகுதான் கோடு.

இருக்கிறதே நாலு நாள்! போதும் விடுடின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் மட்டும் என்ன, விசாரிக்காத தகவலை அச்சுக்கு அனுப்புவேனா? — சொல்லலை.

மார்ச் 12, புதன்

கிடைத்துவிட்டது!

செய்தி அறைக் குமிழைத் திருப்பினால் காற்று மாறுவது எங்களுக்குக் கீழே, இரண்டாம் மாடி ஆவண அறையில். எங்கள் அறைக்கு வரும் காற்றோ, பழைய பேக்ஸ் அறையில் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் குமிழின் பேச்சைக் கேட்கிறது. ஆறு வருடம் முன்பு அறைகளை மாற்றியபோது சுவர்கள் நகர்ந்தன, வயர்கள் நகரவில்லை. மகளும் கட்டடத்தின் எலக்ட்ரீஷியனும் கண்முன் செய்து காட்டினார்கள்.

ஆவண அறைப் பொறுப்பாளர் எப்போதும் சால்வையோடு இருப்பவர். கம்பளி அக்கா என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். விஷயம் கேள்விப்பட்டு மேலே வந்தார். விளையாட்டுக்கும் வணிகத்துக்கும் நடுவில் நின்றார்.

"ஆறு வருஷமா நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டது என் தலைமேலயா?"

வணிகம் விளையாட்டின் பக்கம் கையை நீட்டினார்.

"எனக்கு ஏதோ வியாதின்னு ரத்தப் பரிசோதனை வரைக்கும் போயிட்டேன்யா. இவர் லீவு போட்டா எனக்கு உடம்பு சரியாயிடும். டாக்டர் மருந்து வேலை செய்யுதுன்னாரு."

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் அறையே சிரித்தது. விளையாட்டு எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

மார்ச் 13, வியாழன்

நானும் கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மாநாட்டு அறை. ஓர் ஓரத்தில் எனக்கும் இடம் கிடைத்தது. பேசக் கூடாது என்று மகளின் உத்தரவு.

இந்த அறை ஏன் புழுங்குகிறது என்று மேலாளர் திடீரென்று கேட்டார். தயார்செய்யாத கேள்வி. மகள் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள்: அறை, அதற்குக் காற்று தரும் பெட்டி, பெட்டிக்குள் காற்றைத் திறந்து மூடும் தட்டு. தட்டு திறக்கவில்லை என்றது திரை. எலக்ட்ரீஷியன் ஏறிப் பார்த்தார். சிக்கித்தான் இருந்தது.

பிறகு மேலாளர் திரையைச் சுட்டினார். கோடே இல்லாமல் நாலைந்து பெட்டிகள் தனியாக நின்றன. ஏன் காலி என்றார். தோழி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதுங்களை இன்னும் திருப்பிப் பாக்கலை சார். தெரியாததைத் தெரியும்னு போட மாட்டோம்," என்றாள் மகள்.

மேலாளர் எதிரில் உட்கார்ந்திருந்த இயந்திரக் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க திரையில இப்படிக் காலி இருக்குமா?"

"ஒண்ணுகூட இருக்காது சார்."

"ஆமா. ஆறு வருஷமா உங்க வரைபடத்துலயும் காலி இல்லை, குளிர்தான் வேற அறைக்குப் போயிட்டிருந்தது."

மார்ச் 17, திங்கள்

இரண்டு மாடிகளும் மகளின் முறைக்கே. தகவல்: மகள், தொலைபேசியில். பேச்சை விடச் சிரிப்பே அதிகம். பின்னணியில் தோழி விசிலடித்தது என் காதால் கேட்டது.

முன்னறை மேசை இந்த வாரம் வாடகை அறைக்குப் போகிறது. இந்த வீட்டில் சோபாவுக்கும் இடம் உண்டு என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது என்கிறாள் மனைவி.

நிலுவையில் இருப்பது அச்சுக்கூடம். அதையும் இவர்களிடம் கொடுப்பதா என்று இயக்குநர்கள் வியாழக்கிழமை கூடி முடிவு செய்கிறார்கள்.

"இல்லேன்னு சொல்லிட்டா?" என்று மனைவி கேட்டாள்.

பதில் சொல்ல மகள் வீட்டில் இல்லை. அங்கே காகிதம் ஏன் நமத்துப்போகிறது என்று பார்க்கக் காலையிலேயே அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டாள்.