ராணிக்கு எந்தக் கணக்கு

முருகன் துணை

பாயான் பாரு,
பினாங்கு.
10.3.1985

அன்பு மகள் வேணிக்கு அம்மா எழுதுவது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அந்த லீட்ஸ் குளிரில் உனக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது. வழக்கமாக எழுதுகிற நீலத் தாள் இந்த முறை போதாது என்று தெரிந்து வெள்ளைத் தாளும் கவரும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு என்ன கோபமோ, ஏன் பதில் இல்லையோ என்று நினைத்து நினைத்து நீ ஆஸ்பத்திரியில் யாருக்காவது ஊசியை மாற்றிப் போட்டுவிடப் போகிறாய். கோபம் இல்லை. நீ கேட்டது பெரிய விஷயம், ஒரே மூச்சில் பதில் எழுத எனக்கு வரவில்லை. முதலில் வீட்டுச் சேதி சொல்கிறேன், அது வழியாகத்தான் உன் விஷயத்துக்கு வர முடியும், பொறுமையாகப் படி.

கேன்டீன் வேலை ஓடுகிறது. ஃபேக்டரியில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு, சாப்பிட வருகிற பெண்கள் குறைந்துவிட்டார்கள், சோறு மிஞ்சுகிறது. எங்களை இன்னும் போகச் சொல்லவில்லை. மிஞ்சுகிற கங்கோங் கீரையை நான் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன், எல்லாம் ராணிக்குத்தான். ராணியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் லீவில் வந்திருந்தபோது, அத்தை தனியாக இருக்கிறீர்கள் ஒரு நாயாவது வளருங்கள் என்று மாப்பிள்ளை சொன்னதும், குரைக்கிற சத்தமெல்லாம் எனக்கு ஆகாது என்று நான் சொன்னதும், மறுநாளே அவர் பாசாரிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியில் ஜோடி முயலைக் கொண்டுவந்து இறக்கி, துரை, ராணி என்று பேரும் வைத்ததும் உனக்கு மறந்திருக்காது. அந்தத் துரை செத்துப்போய்விட்டான் வேணி. உனக்கு எழுதவில்லை, உனக்கு இருக்கிற துக்கம் போதாதா என்று விட்டுவிட்டேன். போன தீபாவளிக்கு இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. மருமகன் சாவுக்கு மாமியாருக்கு வருஷத் தீட்டெல்லாம் கிடையாது அண்ணி என்று உன் சித்தப்பா தங்கராஜு பட்டர்வொர்த்திலிருந்து வந்து சொல்லிப் பார்த்தார், எனக்கு மனசு வரவில்லை. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். பின் வரிசை வீட்டில் பட்டாசை வாளிக்குள் போட்டு வெடித்தார்கள், வீடே அதிர்ந்தது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் துரை கூண்டு மூலையில் விறைத்துக் கிடக்கிறான், ராணி அவன் முதுகை நக்கிக்கொண்டிருக்கிறாள். முயலுக்குப் பயத்திலேயே உயிர் போய்விடுமாம், எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை கையால் கொடுத்ததும் போய்விட்டதே என்று உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நாள் ராணி எதையும் சரியாகத் தின்னவில்லை. கூண்டைத் திறந்துவிட்டாலும் துரை படுத்த மூலையை விட்டு நகர மாட்டாள். பிறகு ஒரு நாள் நான் சமையற்கட்டில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது மெல்ல வந்து என் இடது கால் மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி நான் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாலே கூண்டுக் கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடுவாள். அடுப்புப் பக்கம் போக வேண்டியிருந்தாலும் அவளாக எழுந்திருக்கட்டும் என்று நின்றுகொண்டிருப்பேன், குழம்பு அடிப்பிடித்த நாளும் உண்டு. சிரிக்காதே. பேச ஆளில்லாத வீட்டில் கால் மேல் ஒரு சூடு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது உனக்கும் தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு சல்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், சூலியா தெருவில் காசு மாற்றுகிற கடை வைத்திருக்கிற சீனி முகம்மது பாயின் மனைவி, நீங்கள் வந்திருந்தபோது ஆட்டுக்கறி வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தவள். தைப்பூசம் கழிந்ததும் அவள் பாலிக் புலாவில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு ஆண் முயலைக் கொண்டுவந்து வேலி மேல் நீட்டினாள். தவிட்டு நிறம், அதனால் நான் தவிடன் என்று கூப்பிடுகிறேன். ஒத்தையா விட்டு வைக்கிறது பாவம்லா அக்கா, இதச் சேத்து விடுங்க என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, வருஷம் கழியட்டும் சல்மா என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சல்மா சிரிக்கவில்லை. வருஷமா, எங்களுக்குப் புருஷன் போனா இத்தா இருக்கிறது நாலு மாசம் பத்து நாள்தான், ராணிக்கு அது முடியப் போவுது, அதுக்கு மேல அவள உக்கார வைக்க நீங்க யாரு என்று கேட்டாள். அப்புறம் என்ன, இரண்டு பொம்பளைகள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு ஒரு முயலுக்கு இந்துக் கணக்கா முஸ்லிம் கணக்கா என்று வாதாடினோம். கடையிலிருந்து வந்த பாய் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அது கோயிலுக்குப் போவுதா பள்ளிவாசலுக்குப் போவுதான்னு மொதல்ல அதுகிட்ட கேட்டீங்களா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சல்மாவுக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. பாய் அவளுக்கு இரண்டாவது புருஷன், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதல் புருஷன் லாரி கவிழ்ந்து இறந்து, இத்தா முடிந்து, அந்த மாமியாரே பாயிடம் பேசி முடித்து வைத்தாராம். நீங்க எத்தன வருஷமாக்கா இப்படித் தனியா இருக்கீங்க என்று என்னைக் கேட்டாள். உன் அப்பா போனபோது உனக்கு எட்டு வயது, எனக்கு முப்பது. என்னிடம் யாரும் எந்தக் கணக்கும் சொல்லவில்லை வேணி. வருஷம் முடிந்தது, தலை முழுகினேன், வேலைக்குப் போனேன், அதோடு சரி. உனக்கு ஒரு துணை வேண்டுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்டிருக்கலாம்.

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. உன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற குலசேகரம், யாழ்ப்பாணத்துக்காரர், மாப்பிள்ளை படுக்கையில் கிடந்தபோது உனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவர், உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம், முன்பு சொன்னபடி வைகாசியில் போனவருக்கு வருஷத் திதி கொடுத்துவிட்டு வேலையை விட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன், முடிவு உங்கள் கையில் என்று எழுதியிருந்தாய். என் கையில் கொடுத்தாயே, அது எப்படிப்பட்ட கை என்று யோசித்தாயா. நீ வருவாய் என்று நான் முன் அறைக்குச் சாயம் அடித்து வைத்திருக்கிறேன். புது மெத்தை வாங்கி பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். கேன்டீனில் ஒருத்தி பாக்கி இல்லாமல் எல்லாரிடமும் என் மகள் வரப்போகிறாள் என்று சொல்லியாகிவிட்டது. உன் கடிதத்தைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். வேணாம்னு ஒரு வரி எழுதிப் போடுங்க அண்ணி, பிள்ள வந்துரும், நாலு பேரு பேச்சும் இருக்காது என்றார். எழுதிப் பார்த்தேன், எழுத்து அழகாகத்தான் வந்தது. கவரை ஒட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஃபேக்டரிக்குப் போய் வந்தேன். தபால் பெட்டி பஸ் நிற்கிற இடத்திலேயே இருக்கிறது. போட முடியவில்லை.

இதற்குள் சல்மா என்னைக் கேட்காமலே தவிடனை இன்னொரு கூண்டில் அடைத்து ராணி கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள், சேராட்டி போவுது, பாத்துக்கிட்டாவது கெடக்கட்டும் என்று. முதலில் ராணி அவனைக் கண்டால் பின்காலால் தரையை அறைவாள். எனக்கு உள்ளூர சந்தோஷம், பார்த்தாயா அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்று. சல்மா அவசரப்பட்டு ஒரு நாள் அவனைத் தூக்கி ராணியின் கூண்டுக்குள்ளேயே விட்டாள், அவள் அவன் காதைக் கடித்து முதுகு மயிரைப் பிடுங்கிவிட்டாள். பின்னே, அது துரை இருந்த இடம், அங்கே இன்னொருவனைக் கொண்டுவந்து தள்ளினால் எவள்தான் சும்மா இருப்பாள். எனக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா, வருஷம் வருஷம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் காலையில் கீரை போடப் போகும்போது கண் இருக்கிறதே, அது பார்க்கத்தானே செய்யும். கம்பிக்கு இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவனும் கம்பியை ஒட்டி நீட்டிப் படுத்திருப்பார்கள். கூண்டு எவ்வளவு அகலம், படுக்க வேறு இடமா இல்லை. துரை போனதிலிருந்து பாதிக் கீரையை மிச்சம் வைத்துக்கொண்டிருந்தவள் இப்போது தண்டைக்கூட விடுவதில்லை, அதுவும் அவன் தின்ன ஆரம்பித்த பிறகுதான் இவளும் வாய் வைப்பாள். இதற்கு மேல் அவள் எப்படித்தான் சொல்வாள். வருஷம் என்று நான் பிடித்து வைத்திருந்தது அவளுக்காக இல்லை, என் கால் சூட்டுக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை சல்மாவைக் கூப்பிட்டேன். அவள் கணக்குப்படி நாள் முடிந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் விட்டோம், அது அவள் இடமும் இல்லை அவன் இடமும் இல்லை. சண்டை வந்தால் பிரிக்க வேண்டும் என்று கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நான் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் ஆளுக்கொரு மூலை. அப்புறம் ராணிதான் எழுந்து போனாள். போய் அவன் முன்னால் தலையைத் தரையில் வைத்தாள், அவன் அவள் நெற்றியை நக்கினான். சல்மா அல்ஹம்துலில்லா என்றாள், நான் முருகா என்றேன். பாய் பலகை வாங்கி வந்து புதுக் கூண்டு அடித்துக் கொடுத்தார், இப்போது இரண்டும் அதில்தான். குட்டி போட ஆரம்பித்தால் இந்த வீடு தாங்குமா என்று கேட்டதற்கு மொதல்ல போடட்டும்க்கா என்கிறாள் சல்மா. உனக்கு ஜாடை சொல்கிறேன் என்று நினைக்காதே, இது முயலைப் பற்றி மட்டும்தான்.

ராணி இப்போது சமையற்கட்டுக்கு வருவதில்லை. திறந்துவிட்டாலும் அவனோடுதான் சுற்றுகிறாள், நான் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்புகிறாள். நேற்று வெங்காயம் அரியும்போது பழக்கத்தில் இடது காலை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தேன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் கால் மேல் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்கலாம், கேட்பதற்குத்தான் வீட்டில் யாரும் இல்லை. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது வேணி. இத்தனை வருஷத்தில் இதை ஒரு கடிதத்திலும் நான் எழுதியதில்லை, எழுதினால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று பயம். இன்றைக்கு எழுதுகிறேன், அதற்காக வந்துவிடாதே.

என் பதில் இதுதான், குலசேகரத்திடம் சரி என்று சொல். வைகாசி கழியட்டும் என்று உனக்குத் தோன்றினால் கழியட்டும், மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய திதியைக் குறையில்லாமல் செய். ஆனால் அது உன் மனசு சொல்கிற கணக்காக இருக்க வேண்டும், ஊருக்காகவும் வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். மாப்பிள்ளையோடு குடியிருந்த வீட்டிலேயே இவரோடும் குடித்தனம் வைக்காதே, வேறு வீடு பாருங்கள், இது ராணி சொல்லிக் கொடுத்தது. மாப்பிள்ளை படத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதே, குலசேகரத்துக்கு அதில் வருத்தம் என்றால் எனக்கு எழுதச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு நீ எதுவும் எழுத வேண்டாம், அவரிடமும் நானே பேசிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் முதல் கல்யாணத்தில் சித்தப்பாவும் சித்தியும்தான் மணையில் உட்கார்ந்து உன்னைத் தாரை வார்த்தார்கள். நான் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். அங்கே நில் என்று யாரும் சொல்லவில்லை, நானாகப் போய் நின்றேன், முன்னால் வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. மாப்பிள்ளை உனக்குத் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை வேணி, கெட்டிமேளம் கேட்டுத்தான் கட்டியாயிற்று என்று தெரிந்துகொண்டேன். இந்த முறை நான் பார்க்க வேண்டும். தேதியை முன்கூட்டியே எழுது, பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், கேன்டீனில் லீவு சொல்ல வேண்டும். முயல்களைச் சல்மா பார்த்துக்கொள்வாள். வந்து பார்த்துவிட்டு நான் என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன், இங்கேயே இருங்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

நீங்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் போகாமல் வெகு காலம் சேர்ந்திருக்க முருகன் அருள் செய்யட்டும். காலுக்குக் கம்பளி உறை போடாமல் வெளியே இறங்காதே, தலைக்கு எண்ணெய் வை. இதை மட்டும் மறந்துவிடாதே, தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதம் வாங்க எடுத்து வருகிறவர்களிடம் சொல்லி வை, அது முதலில் என் கைக்கு வர வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
புஷ்பவள்ளி