பந்தைப் பார்க்காதவள்

மே 12, திங்கள்

கிளெனிஸ் இன்று ஆராய்ச்சி நிலையத்துக்கே வந்துவிட்டாள். நான் தட்டில் களை விதைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான் நிமிரும்வரை வாசலில் பேசாமல் நின்றாள்; அவளைப் பொறுத்தவரை அது பெரிய பொறுமை. ஊர்ப் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். இதுவரை நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி.

"களையத்தானே எண்ணிக்கிட்டிருக்க, பிப்பா? எங்க பொண்ணுங்களையும் கொஞ்சம் எண்ணிக் குடு."

கோளாறு நடுக்களத்திலாம். எங்கள் நாட்டுக் கால்பந்தில் பந்தைக் கையாலும் எடுத்து ஓடலாம்; நடுவர் அந்த முட்டைப் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து மேலே எழுப்புவார். இரண்டு நெட்டைப் பெண்கள் எம்பித் தட்டுவார்கள். கீழே ஆறு பேர் முட்டிமோதுவார்கள். அந்த நெரிசலிலிருந்து பந்தை முதலில் வெளியே எடுப்பது யார் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது என்கிறாள். எல்லாம் ஒன்றில்தான் இருக்கிறது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் சரி என்றேன். ஏன் சொன்னேன்?

மே 18, ஞாயிறு

காருக்குள் உட்கார்ந்தபடியே எண்ணினேன். நாங்கள் வெளியே எடுத்தது 21, அவர்கள் 34. தோல்வி. இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது; விரல் விறைத்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

ஐந்து ஆட்டம் எண்ணியாயிற்று. கிளெனிஸ் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நெரிசலில் தோற்ற பின் நடப்பதெல்லாம் துரத்தல்தான்.

ஜார்ஜி என்கிற நர்ஸ் மட்டும் 37 முறை வெளியே எடுத்திருக்கிறாள். என்ன வேகம்! கதவிடுக்கில் நுழையும் பூனை மாதிரி. நடுவில் ஆட்டம் முழுக்க நிற்கிற பிரோனி நோஸ்கே எடுத்தது 3. கோதுமை லாரி ஓட்டுகிறவள், முப்பத்தொன்பது வயது. பந்து ஓரிடம், இவள் ஓரிடம். பதின்மூன்று வயதுவரை பையன்களோடு ஆடியிருக்கிறாள். இனி பெண்கள் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம் இருபது வருடம் ஆண்கள் அணியின் சட்டைகளைத் துவைத்துப் போட்டாள். பெண்கள் அணி வந்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். இந்த வருடத்தோடு முழங்கால் விடைகொடுத்துவிடும் என்கிறார்கள்.

பாவம்தான். ஆனால் பாவம் பார்த்து எண்ண முடியாது. தாளின் அடியில் எழுதிக் கொடுத்தேன்: "நோஸ்கேயை மாற்றலாம்."

ஜூன் 19, வியாழன்

கிளப்பில் சாப்பாடு. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை அணியைக் கிளெனிஸ் உரக்க வாசித்தாள். பிரோனியின் பெயர் இல்லை. பிரோனி முள்கரண்டியை வைத்தாள், எழுந்தாள், எல்லோருடைய தட்டுகளையும் அடுக்க ஆரம்பித்தாள். சிலர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

எங்களுக்கு 14, அவர்களுக்கு 39. ஜார்ஜி எடுத்தது இரண்டே இரண்டு.

பிரோனி தண்ணீர் கொண்டு ஓடினாள். பெருந்தன்மை என்று முதலில் நினைத்தேன். பாட்டிலை ஒவ்வொருத்தி கையிலும் திணித்த விதத்தைப் பார்த்தால் அப்படியொன்றும் இல்லை.

இடைவேளையில் ஜார்ஜிக்கு அழுகையே வந்துவிட்டது. "மூச்சு விட எடமில்ல கிளெனிஸ். எங்கேருந்துதான் வந்து விழுறாளுங்களோ!"

ஒரே ஓர் ஆட்டம் எதையும் நிரூபிக்காது. காரில் திரும்பும்போது இதை எனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 25, புதன்

கிளெனிஸின் கணவர் ஸ்கோர் பலகை ஏணியில் நின்று எடுத்த வீடியோக்களை வாங்கி வந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். முதல்முறையாகப் பந்தை விட்டுவிட்டு பிரோனியை மட்டும்.

அவள் பந்தைப் பார்ப்பதே இல்லை. எதிரணிக்காரியின் கால்களைப் பார்க்கிறாள். அந்தக் கால் எந்தப் பக்கம் கிளம்பப் போகிறதோ அங்கே, அது கிளம்புவதற்கு முன்பே, இவள் இடுப்பு இருக்கிறது. இழுப்பதில்லை, தள்ளுவதில்லை. நடுவர் பார்க்கட்டும் என்று இரண்டு கையையும் விரித்துத் தூக்கி வைத்திருக்கிறாள். எதிரணிக்காரி சுற்றிக்கொண்டு வர ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியில்தான் ஜார்ஜி.

ஜார்ஜியின் 37-இல் 31 தடவை அந்த இடுப்பு இருந்தது. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

இருபத்தைந்து வருடமாக எண்ணுகிறேன். இவ்வளவு அழகான ஒன்றுக்கு என் தாளில் கட்டமே இல்லை. கட்டம் போட்டது யார்? நான்தான். சே!

ஜூன் 26, வியாழன்

சாப்பாட்டுக்கு முன்பே போய்க் கிளெனிஸிடம் சொன்னேன். அவள் சிரித்திருந்தால் தேவலை.

"நான் பேர வாசிச்சிடுவேன். அவ வருவாளாங்கறது வேற. சமையல்கட்டுல இருக்கா. நீயே போய்ப் பேசு."

பிரோனி கறித்துண்டங்களை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"என்ன டாக்டரம்மா, உருளைக்கிழங்க எண்ண வந்தீங்களா?"

சொன்னேன். முப்பத்தொன்று என்றேன். என் தவறு என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முப்பத்தி நாலு இருக்கும்" என்றாள்.

"உனக்குத் தெரியுமா!"

"செய்யிறவளுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் பிரோனி வாயத் தொறக்கல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

இப்போதுதான் திரும்பினாள். "என்னன்னு சொல்ல? 'நான் பந்தத் தொடமாட்டேன், ஆனா நான் இல்லாம நீங்க ஒண்ணுமில்ல'ன்னா? இந்த ஊர்லயா? சாகறவரைக்கும் என்னை மகாராணின்னு கூப்பிடுவானுங்க."

உண்மை. இந்த ஊரில் ஒருத்தி தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உயிரோடு கடைத்தெருவுக்குப் போக முடியாது. நானும்தான் இங்கே வந்த பத்தொன்பது வருடமாக அப்படியே இருக்கிறேன்.

"ஞாயித்துக்கெழம ஆடுவியா?"

"ஆடுறேன். ஆனா நீ செவ்வாக்கெழம பயிற்சிக்கு வரணும். கார்ல உக்கார இல்ல. நடுவுல நிக்க."

ஜூலை 1, செவ்வாய்

நின்றேன். நாற்பத்தெட்டு வயதில், கடன் வாங்கிய காலணியோடு. பந்து மேலே போனது, நான் அதை நோக்கி ஒரு அடி வைத்தேன், அவ்வளவுதான். அங்கே பிரோனி இருந்தாள். இடிக்கவில்லை, கதவு சாத்தினது போல இருந்தது. அடுத்த முறை இடப்பக்கம் போனேன். அங்கேயும் அவள்தான். மூன்றாம் முறை சேற்றில் உட்கார்ந்தேன்.

"கால் காட்டிக் குடுக்குது டாக்டர்! கெளம்பறதுக்கு முன்னாடியே கட்ட வெரல் திரும்பிடுது!" என்று கத்தினாள்.

எழுந்ததும் கிளெனிஸிடம் கேட்டேன்: இவள் ஒருத்தி மட்டும் ஏன் செய்கிறாள்? இவள் இருந்தபோதும் 21-க்கு 34-தானே? எல்லோரும் முறைவைத்துச் செய்தால்?

கிளெனிஸ் விசிலை பிரோனி கழுத்தில் மாட்டிவிட்டாள். "சொல்லிக் குடுடி மகாராணி."

சமையல்கட்டுப் பேச்சு அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

வெளியே எடுத்தது 33 – 27. தொடர்ந்து நான்காவது வெற்றி. ஜார்ஜிக்குத் தடுத்துத் தடுத்து இடுப்பெல்லாம் கன்றி நீலம். யார் கேட்டாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள். புதிய தாளில் இரண்டு கட்டம்: எடுத்தவள், இடம் உண்டாக்கித் தந்தவள். இரண்டாவதைத்தான் பெண்கள் முதலில் வந்து பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் முதல்முறையாக இறுதிச் சுற்று. தோற்றால் பிரோனிக்கு அதுவே கடைசி ஆட்டம். அவளே ஐஸ் பையை முழங்காலில் கட்டியபடி இதைச் சொன்னாள், லாரிக்கு டீசல் போட வேண்டும் என்று சொல்வது போல. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காரில் உட்காரவில்லை. வேலியை ஒட்டி நின்றேன்.

எதிரணி விவரமானது. பிரோனியின் மேல் இரண்டு பேரை ஒட்டவைத்துவிட்டார்கள். கடைசிக் கால்பகுதிக்கு முன் ஊரே வழக்கம்போல மைதானத்துக்குள் நடந்துபோய் அணியைச் சுற்றி நின்றது. நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். கிளெனிஸ் பேச வாய் திறக்குமுன் ஜார்ஜி சொன்னாள்: "பிரோனி, இப்ப நான் இடுப்பப் போடுறேன். நீ எடு."

"நானா? ஏண்டி, நான் ஓடுனா நடுவர் வாட்ச்ச விட்டுட்டு காலண்டரப் பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜார்ஜி சிரிக்கவில்லை.

இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போது நாங்கள் அடிக்கிற கோலுக்குப் பக்கத்தில் நெரிசல். பந்து மேலே போனது. பிரோனியை ஒட்டிநின்ற இரண்டு பேரில் ஒருத்தி தடுமாறினாள். மற்றவளின் கால் திரும்பியது. திரும்புமுன்பே ஜார்ஜியின் இடுப்பு அங்கே இருந்தது. இரண்டு கையும் விரிந்து, மேலே. எவ்வளவு சுத்தமான வேலை! பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அப்புறம் காரெல்லாம் ஹாரன் அடித்தது. பெரியவர்கள் கத்தினார்கள். கோல். கோலுக்கு ஆறு புள்ளி; இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்.

பிரோனி சேற்றோடு நொண்டி நொண்டி வேலிக்கு வந்தாள்.

"பாத்தியா? எடுத்தேன், நாலு அடி ஓடுனேன், எடது காலால அடிச்சேன்! எழுதுனியா?"

தாளைக் காட்டினேன். இடம் உண்டாக்கித் தந்தவள்: ஜார்ஜி. எடுத்தவள் என்ற கட்டம் காலி.

"அடிப்பாவி. வாழ்க்கையில ஒரு தடவ எடுத்துக் கோலும் போட்டேன். அத மட்டும் நீ பாக்கலயா?"

"பாக்கல. ஜார்ஜியோட இடுப்பத்தான் பாத்தேன்" என்றேன். தாளை என் கையிலிருந்து பிடுங்கி, ஜார்ஜியின் பெயர் இருந்த கட்டத்தைச் சேற்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.